ஃபெரனுக்குள் நுழையாத வெயில்

ஸ்ரீநகரும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டுமே வடக்கே 34 டிகிரி. ஒன்று பனி, மற்றொன்று கடற்கரை என்று மனத்தில் பதிந்துபோனதால் வரைபடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது. 1988-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: குளிர்காலத்து வெயிலால் மனிதத் தோலில் வைட்டமின் டி உண்டாகுமா? 42 டிகிரியில் இருக்கும் பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உண்டாகவில்லை. 34 டிகிரியில் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸில் ஜனவரியிலும் உண்டானது.

அப்படியென்றால் காஷ்மீரின் ஜனவரி வெயிலுக்கும் அந்தச் சக்தி உண்டு. மேகம் விலகும் நாட்களில், நடுப்பகலில், தோலின்மேல் நேராகப் பட்டால். ஆனால் பள்ளத்தாக்கில் நோயில்லாத 92 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து 2007-இல் வெளியான ஆய்வில் 83 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. வானத்தில் இருக்கும் வெயிலுக்கும் உடம்பில் சேரும் சத்துக்கும் நடுவில் என்ன மறிக்கிறது, அது மாசமாக இருக்கும் கிராமத்துப் பெண்களை எப்படிப் பாதிக்கிறது என்று நேரில் பார்க்கத்தான் பிப்ரவரியில் போனேன். சுற்றுலாக்காரர்கள் குல்மார்க்கில் பனிச்சறுக்க வரும் மாதம். உள்ளூர்க்காரர்களுக்கோ அது சில்லை குர்த். டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிர் சில்லை கலான். அது முடிந்ததும் வரும் இருபது நாள் இளையவன்தான் இந்தக் குர்த். அதற்குப் பின் பத்து நாள் குட்டிக் குளிர் ஒன்று உண்டு. குளிருக்குக் குடும்பம் குட்டி வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

ஸ்ரீநகரில் முதல் நாள் தால் ஏரிக்கரையில் நடந்தேன். கரையோரத் தண்ணீர் மெல்லிய கண்ணாடித் தகடாக உறைந்திருந்தது. அதை உடைத்துக்கொண்டு ஒரு பெண் படகில் வந்தாள். முன்முனையில் குந்தி உட்கார்ந்து, இதய வடிவத் துடுப்பை இருபக்கமும் மாற்றி மாற்றிப் போட்டாள். முழங்கை வரை சட்டை ஏறியிருந்தது. படகுக்கார ஹான்ஜி சமூகத்துப் பெண்களைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மருத்துவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அதனால் மற்ற பயணிகள் வீட்டுப் படகுகளைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் அந்த முழங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மருத்துவர் கேத்லீன் வாகன். ஸ்ரீநகரில் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தவர். 1926-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் காஷ்மீரத்து எலும்பு நோயைப் பற்றி எழுதினார்; 1928-இல் பர்தா வழக்கமும் தாய்மையும் என்ற பொருளில் ஒரு புத்தகமே போட்டார். அவரைத் துளைத்தது ஒரு விநோதம். நகரத்துக்குள் நல்ல வீடுகளில், நல்ல சாப்பாட்டோடு வாழ்ந்த பெண்கள் பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். எலும்பு மெழுகாகி, இடுப்பெலும்பு வளையம் உள்ளே நசுங்கி, பிள்ளை இறங்க வழியில்லாமல் போயிருந்தது. ஏரியில் துடுப்புப் போட்ட ஏழைப் படகுக்காரிகளும் வயலில் வேலை செய்த பெண்களுமோ சிரமமில்லாமல் பெற்றுக்கொண்டிருந்தார்கள். காற்று அதே, தண்ணீரும் அதே. வித்தியாசம் வெளிச்சத்தில் இருக்கிறது என்று வாகன் முடிவுகட்டினார். வைட்டமின் டி என்ற பெயரே 1922-இல்தான் பிறந்திருந்தது. வாகனின் புத்தகம் வந்த அதே 1928-இல், அந்த வைட்டமினோடு பின்னிக் கிடந்த வேதியியலை ஆராய்ந்ததற்காக ஜெர்மனியின் அடால்ஃப் வின்டௌஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆய்வுக்கூடத்தில் கண்டதை வாகன் பிரசவ அறையில் கண்டுகொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையாகாது. என்றாலும் பரிசு பெற்றவரின் பெயரைப் பாடப்புத்தகம் சொல்கிறது, வாகனின் பெயரை ஸ்ரீநகரிலேயே நான் விசாரித்த யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

வயிற்றில் இருக்கும் பிள்ளை தன் எலும்புக்காகத் தாயிடமிருந்து மொத்தம் 30 கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்தை, அதாவது கால்சியத்தை, இழுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதத்தில். சாப்பாட்டில் இருக்கும் சுண்ணாம்புச்சத்தைக் குடலிலிருந்து ரத்தத்துக்குக் கொண்டுபோக வைட்டமின் டி வேண்டும். அது போதாவிட்டால் உடம்பு எலும்பை அரித்துக் கொடுக்கிறது. ஒரு பிள்ளையோடு நின்றால் தாங்கலாம். வரிசையாக ஆறேழு பெற்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் பால் கொடுத்து, அத்தனையும் நாலு சுவருக்குள் என்றால் வாகன் கண்ட நிலைமைதான். அந்த அளவுக்கு முற்றிய நோய் இன்று அரிது, சிசேரியனும் வந்துவிட்டது. பிரசவத்துக்கென்றே இருக்கும் ஸ்ரீநகரின் பெரிய அரசு மருத்துவமனைக்குப் பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் லல் தேத்தின் பெயர். வீட்டை விட்டு வெளியேறி ஊர் ஊராகத் திரிந்தவர் என்று சொல்லப்படுகிற ஒரு பெண்ணின் பெயரை அதற்கு வைத்தவர் யாரோ, ரசனைக்காரர்.

மறுநாள் காலை கந்தர்பல் வழியாகக் கங்கன் போகும் சுமோவில் இடம் பிடித்தேன். பத்துப் பேர் நிரம்பினால்தான் கிளம்பும். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஃபெரனுக்குள் காங்கிரி வைத்திருந்தார். ஃபெரன் என்பது கழுத்திலிருந்து முழங்கால் தாண்டித் தொங்கும் கம்பளி அங்கி. காங்கிரி, பிரம்புக் கூடைக்குள் வைத்த மண்சட்டி நிறையக் கரித்தணல். கைகள் இரண்டும் அங்கிக்குள்ளேயே இருக்கும், சட்டைக்கை காலியாகத் தொங்கும். வண்டி குலுங்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

ஊரைத் தாண்டுமுன் சௌரா வந்தது. பள்ளத்தாக்கின் பெரிய உயர்மருத்துவ நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து 2011-இல் வந்த ஒரு கட்டுரை என் பயணத்தின் இன்னொரு முனை. அதில் வருபவர்கள் வைட்டமின் டி குறைந்தவர்கள் அல்லர், கூடிப்போனவர்கள். ஒரு ஊசியில் 6 லட்சம் யூனிட் அடங்கிய மருந்து கிடைக்கிறது. உடம்பு வலிக்கிறது என்று போனவர்களுக்கு அதைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். ரத்தத்தில் சுண்ணாம்பு எகிறி, வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம், சிறுநீரகக் கோளாறு என்று வந்து படுத்தவர்களின் கதை அந்தக் கட்டுரை. ஊரே பற்றாக்குறையில் கிடக்கும்போது அதே ஊரில் மிகுதியாலும் ஆட்கள் நோயில் விழுந்தார்கள். குறை இருக்கிறது என்ற செய்தி பரவிய வேகத்துக்கு, எவ்வளவு போதும் என்ற செய்தி பரவவில்லை.

கந்தர்பல் தாண்டியதும் மேகம் கலைந்தது. சாலையோரக் கடைகளின் வாசல் பலகைகளில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாய்க்கு ஹுக்கா, முகத்துக்கு வெயில். சிலர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள். நூறு ஆண்களாவது இருப்பார்கள், ஒரு பெண் இல்லை. பெண்கள் இல்லாமலில்லை, தலையில் தண்ணீரும் விறகும் சுமந்து சாலையைக் கடந்து போனார்கள். உட்காரவில்லை, அவ்வளவுதான். வெயில் காய்வது என்பது ஓய்வு. அந்த ஓய்வை வாசலில் வைத்து எடுத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று அந்த இருபது கிலோமீட்டரில் பார்த்துவிடலாம். இதில் காஷ்மீரைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. நம்மூர் டீக்கடை பெஞ்சையும் ஊர்த் திண்ணையையும் நினைத்துக்கொண்டேன்.

நாள் பார்த்துத்தான் போயிருந்தேன். மாதந்தோறும் 9-ஆம் தேதி நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது, 2016-லிருந்து. கங்கன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் அன்று முப்பது நாற்பது பெண்கள் இருந்தார்கள். கூடத்தின் நடுவே புகாரி என்ற தகரக் கணப்பு எரிந்தது. எல்லோர் மடியிலும் தாய்சேய் அட்டை. ஒவ்வொரு பெண்ணுக்கும் துணைக்கு ஒரு மாமியாரோ நாத்தனாரோ. எடை, ரத்த அழுத்தம், ரத்தச்சோகை என்று நம் கிராம சுகாதாரச் செவிலியர்கள் பார்க்கும் அதே வரிசைதான்.

மருத்துவர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். அனுமதி கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். ஏழு மாதத்துப் பெண் ஒருத்தி, இடுப்பு வலி என்று சொன்னாள். எல்லோருக்கும் ஏழாம் மாதத்தில் இடுப்பு வலிக்கத்தான் செய்யும். மருத்துவர் அவளைத் தரையில் குந்தி உட்காரச் சொன்னார். பிறகு எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கச் சொன்னார். அவள் பாதி எழுந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சல்வாரைச் சற்று உயர்த்தி, கணுக்காலுக்கு மேலே முன்பக்கத்து எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். அந்தப் பெண் பல்லைக் கடித்தாள். "இது வீக்கமில்லை, எலும்பு வலி," என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். "ரத்தப் பரிசோதனைக்கு எழுதினால் ஸ்ரீநகர் போக வேண்டும். போகிற காசும் பரிசோதனைக் காசும் சேர்த்தால் மருந்து விலையைப் போலப் பல மடங்கு. அதனால் விரலை வைத்துப் பார்க்கிறேன்."

அவர் எழுதிக் கொடுத்தது 60,000 யூனிட் பொட்டலம். ஒரு கிராம் குருணை. வாரம் ஒன்று, எட்டு வாரம், பாலில் கலந்து. நூன் சாயில் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். உப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைக்கும் அந்த ரோஜா நிறத் தேநீர் இங்கே தண்ணீர் மாதிரி ஓடும். எதைக் கொடுத்தாலும் அதில்தான் கரைப்பார்கள். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. நல்ல பாலோடு போனால் நன்றாகச் சேரும்.

அடுத்த மேசையில் அரசாங்க மாத்திரை விநியோகம். 2014-இல் மத்திய அரசு வகுத்த முறைப்படி, பதினாலாவது வாரத்திலிருந்து பிரசவம் வரையும், அதன் பிறகு ஆறு மாதமும், தினம் இரண்டு கால்சியம் மாத்திரை. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியம், 250 யூனிட் வைட்டமின் டி. ஆக, நாளுக்கு 500 யூனிட். மருத்துவர் எழுதிய ஒரு பொட்டலம் இந்தக் கணக்கில் 120 நாள் மாத்திரைக்குச் சமம். ஒரே அறையில் இரண்டு மேசைக்கு நடுவில் இவ்வளவு தூரம்! ஒன்று குறையே வராமல் பார்த்துக்கொள்வதற்கு, மற்றொன்று விழுந்த பள்ளத்தை நிரப்புவதற்கு. அந்த வித்தியாசம் மருத்துவருக்குத் தெரியும். வரிசையில் நிற்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்: 'ஹட்டி கி தவா', எலும்பு மருந்து.

கூட்டம் குறைந்த பிறகு, உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்னதைப் பற்றி அவரிடம் கேட்டேன். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பொதுவாக வைட்டமின் டி கொடுக்கப் பரிந்துரைப்பதற்கில்லை என்றது அது. 2020-இல் மறுபடி பரிசீலித்தபோதும் மாற்றவில்லை. குறை இருக்கும் என்று தோன்றினால் நாளுக்கு 200 யூனிட் கொடுக்கலாம் என்றதோடு நிறுத்திக்கொண்டது. பிரிட்டனிலோ கர்ப்பிணிகள் அனைவரையும் நாளுக்கு 400 யூனிட் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆளுக்கொரு கணக்கு.

"டாக்கா ஆய்வைப் படித்தீர்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். படித்திருந்தேன். வங்கதேசத்தில் 1,300 கர்ப்பிணிகளைப் பிரித்து, சிலருக்கு வெற்றுமருந்தும் மற்றவர்களுக்கு வாரம் 4,200 யூனிட்டிலிருந்து 28,000 யூனிட் வரையும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2018-இல் வந்தது. தாய்மார்களின் ரத்தத்தில் வைட்டமின் ஏறியது, குறை தீர்ந்தது. ஆனால் பிள்ளைகளின் பிறப்பு எடையிலும், ஒரு வயதில் அளந்த உயரத்திலும் வித்தியாசமே இல்லை. பெரிய குழந்தை பிறக்கும் என்று விற்கிறவர்களுக்கு அந்த முடிவு நல்ல அறை.

"சரிதான். நானும் பெரிய குழந்தைக்காகக் கொடுக்கவில்லை," என்றார் மருத்துவர். "இவள் தரையிலிருந்து எழுந்திருக்க வேண்டும், அதற்காகக் கொடுக்கிறேன்."

எனக்கு அந்தப் பதிலுக்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. வைட்டமின் டி பற்றிய சண்டையெல்லாம் பிள்ளையை வைத்தே நடக்கிறது. தாயின் கால் எலும்பு யாருடைய கணக்கிலும் முதல் வரியில் இல்லை. கால்சியத்தின் கதை வேறு. அது தாயின் உயிரோடு நேராகச் சம்பந்தப்பட்டது. சாப்பாட்டில் சுண்ணாம்பு குறைந்த ஊர்களில் கால்சியம் கொடுத்தால் கர்ப்பகால ரத்தக்கொதிப்பும் வலிப்பும் குறையும் என்று அதே உலகச் சுகாதார நிறுவனம் உறுதியாகச் சொல்கிறது. பெங்களூரிலும் தான்சானியாவிலும் நாட்டுக்கு 11,000 பெண்களை வைத்து நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ரத்தக்கொதிப்பு நோயைத் தடுப்பதில் நாளுக்கு 500 மில்லிகிராமே 1,500 மில்லிகிராமுக்கு ஈடாக வேலை செய்வதாகத் தெரிந்தது. மூன்று பெரிய மாத்திரை விழுங்கும் இடத்தில் ஒன்று போதும் என்றால் அது சின்ன விஷயமில்லை. ஏன் என்பது அடுத்த நாள் வீடுகளுக்குப் போனபோது புரிந்தது.

ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர் ஒருவருடன் கங்கனுக்கு மேலே வாங்கத் பக்கம் போனேன். எல்லோரும் அவரைப் பாஜி, அதாவது அக்கா, என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். சிந்து என்றே பெயர் கொண்ட, ஆனால் அந்தப் பெரிய சிந்துவல்லாத நதியை விட்டுப் பிரிந்து, ஓடையோரமாகச் சாலை ஏறுகிறது. முதல் வீட்டில் இரண்டாம் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து யெந்தர் என்ற ராட்டையில் பஷ்மினா நூற்றுக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாக வந்த வெயில் மடியில் பரவியிருந்தது. நல்ல வெயில், கதகதப்பு. "பாருங்கள், வெயிலில்தான் உட்கார்ந்திருக்கிறாள்," என்றார் மாமியார். வைட்டமின் டி உண்டாக்கும் கதிரை ஜன்னல் கண்ணாடி நிறுத்திவிடும். சூடு மட்டும் உள்ளே வரும். பாஜிக்கு இது தெரிந்திருந்தது. ஜன்னலைத் திறந்து காட்டினார். வெளியிலிருந்து பாய்ந்த குளிரில் அறை முழுவதும் கூச்சல். அதோடு ஜன்னல் மூடப்பட்டது. ஃபெரனும் தலைத்துணியும் போக அந்தப் பெண்ணிடம் வெயிலுக்குக் காட்ட மிச்சம் இருந்தது முகமும் நூற்கும் விரல்களும். திறந்திருந்தாலும் எவ்வளவு சேர்ந்திருக்கும்?

வெயிலில் நில் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எங்கே நிற்பது? முற்றத்தில் நின்றால் அண்டை வீட்டு ஆண்கள். மாடியில் நின்றால் பனி. கோடையில் இதே பெண் வயலில் நாற்று நடுவாள். அப்போதும் முழுக்கை, முக்காடு. லக்னோ நகரத்தையும் சுற்றுவட்டக் கிராமங்களையும் சேர்ந்த 207 கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2005-இல் வெளியான கட்டுரையில் குறைபாடு 84 சதவீதம் என்று கண்டார்கள். நகரம், கிராமம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. லக்னோவில் வெயிலுக்கா பஞ்சம்? கிராமம் என்றாலே திறந்தவெளி, திறந்தவெளி என்றாலே ஆரோக்கியம் என்று நகரத்தில் உட்கார்ந்து நாம் போட்டுவைத்திருக்கும் கணக்கு பெண்களைச் சேர்க்காமல் போட்டது.

பாஜி மாத்திரையைக் காட்டச் சொன்னார். அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா இறங்கியது. சிவப்பு இரும்புச்சத்து அட்டைகள், கால்சியம் அட்டைகள், நாலு மாதத்தவை. கால்சியம் அட்டைகளில் இரண்டு மட்டும் பிரிக்கப்பட்டிருந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். புளியங்கொட்டையைவிடப் பெரியது, சுண்ணாம்புக்கட்டி போன்ற நிறம், விரலில் மாவு ஒட்டியது. வாந்தி மட்டுப்படாத பெண் இதைத் தினம் இரண்டு விழுங்க வேண்டும். அதிலும் இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடக்கூடாது. ஒன்று மற்றதைச் சேரவிடாது. ஆக நாளுக்கு மூன்று வேளை மாத்திரை. மாமியாருக்கு வேறு பயம்: "எலும்பு மாத்திரை சாப்பிட்டால் பிள்ளையின் எலும்பு தடித்துவிடும். அப்புறம் எப்படிப் பெறுவாள்?" பாஜி சிரிக்கவில்லை. "மாமி, பிள்ளைக்கு வேண்டியதை அது எப்படியும் எடுத்துக்கொள்ளும். உங்கள் மருமகளின் முதுகிலிருந்து எடுக்கட்டுமா, இந்த டப்பாவிலிருந்து எடுக்கட்டுமா?" என்றார். எத்தனையோ வீடுகளில் சொல்லித் தேய்ந்து வழவழப்பான வாக்கியம் என்று கேட்டதுமே தெரிந்தது. பலித்தது, மாமியாரே ஒரு மாத்திரையைப் பிரித்துத் தண்ணீரோடு நீட்டினார்.

சாப்பாட்டைப் பற்றியும் பாஜி விசாரித்தார். பனிக்காலத்துக்கென்று வெயிலில் உலர்த்திய கத்தரி, சுரை, டர்னிப் எல்லாம் உத்திரத்தில் மாலையாகத் தொங்கின. காய்களுக்குக் கிடைத்த வெயில் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். கருவாட்டை முள்ளோடு சமைக்கிறார்கள், ஹாக் கீரை தினமும் உண்டு. இரண்டிலும் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதை எலும்பு வரை கொண்டுசேர்க்கும் வைட்டமின்தான் சமையலறையில் கிடைக்காதது. முட்டையின் மஞ்சள் கருவிலும் கொழுப்பு மீனிலும் கொஞ்சம் இருக்கும், அதை நம்பிக் கர்ப்பத்தை ஓட்ட முடியாது.

நாராநாகில் சாலை முடிகிறது. மன்னன் லலிதாதித்தன் காலத்தவை என்று சொல்லப்படும் எட்டாம் நூற்றாண்டுக் கோயில்கள் இடிந்து, பனிக்குள் இடுப்பளவு புதைந்து நின்றன. அதைப் பார்க்கவே தனியாக ஒரு பயணம் போகலாம். பாஜிக்கோ அது வழியடையாளம் மட்டும். அங்கிருந்து சரிவில் ஏறினால் எருமை மேய்க்கும் குஜ்ஜர்களின் கோட்டாக்கள். மரக்கட்டைச் சுவர், மேலே மண் போட்ட தட்டைக் கூரை. பாதி வீடு எருமைகளுக்கு. வாசலில், பனியிலிருந்து தெறித்த வெயில் கண்ணைக் கூசவைக்க, ஒரு பெண் சட்டைக்கையை மடித்துவிட்டுச் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். புதுப்பனி தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும். கீழ்வீட்டுப் பெண் ஜன்னலுக்குள் நூற்ற நேரத்தில் இவள் வாங்கிய வெயில் எத்தனை பங்கு என்று கணக்குப் போடத் தோன்றியது. வாகன் படகில் பார்த்த வித்தியாசத்தை நான் சாணிக்கூடையில் பார்த்தேன்.

ஆனால் இவளையும் விட்டுவிட முடியாது என்றார் பாஜி. மக்காச்சோள ரொட்டியும் மோரும்தான் பிரதான சாப்பாடு, வயது இருபத்தாறுக்குள் நாலாவது கர்ப்பம், மாதம் ஏழு. ஏப்ரலில் பிரசவம். மே கடைசியில் குடும்பமே எருமைகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் நிலத்துக்கு ஏறிவிடும். அக்டோபரில்தான் இறக்கம். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு மாத மாத்திரைக் கணக்கு கிட்டத்தட்ட முழுவதும் மலைமேல் கழியும். பாஜி விரல்விட்டு எண்ணினார். ஐந்து மாதம், நாளுக்கு இரண்டு, 300 மாத்திரை. பையில் இருந்தது அதில் நாலில் ஒரு பங்கு. மிச்சத்தை ஏறுவதற்கு முன் எப்படியாவது வரவழைப்பதாகப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.

"பிள்ளைக்கு?" என்று கேட்டாள் அந்தப் பெண். நியாயமான கேள்வி. தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது, வைட்டமின் டி மட்டும் மிகக் குறைவு. தாயிடமே இல்லாவிட்டால் பிள்ளை பிறக்கும்போதே வெறுங்கையோடு வருகிறது. பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை நாளுக்கு 400 யூனிட் சொட்டுமருந்து கொடுக்கவேண்டும் என்பது நம் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. அது பாஜியின் பையில் இல்லை. கடையில் வாங்க வேண்டும். புருஷன் அதுவரை கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். மண்வெட்டியைச் சாத்திவிட்டு எங்களோடு கீழே வருவதாகச் சொன்னான்.

கங்கன் கடைத்தெருவில் மருந்துக்கடைக்காரர் காங்கிரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன் வந்த ஒருவர் அம்மாவுக்கு 6 லட்சம் ஊசி கேட்டு, சீட்டு இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டார், முனகிக்கொண்டே போனார். வேறு கடையில் கேட்பார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்து எங்கள் ஆள்.

"குழந்தைக்கு எத்தனை மாதம்?"

"இன்னும் பிறக்கவில்லை."

கடைக்காரர் அவனையும் பாஜியையும் பார்த்தார். "அப்படியானால் பிறந்த பிறகு வாங்க. இப்பவே எதற்கு?"

"பிறந்த கொஞ்ச நாளில் மேலே போய்விடுவோம், ஜனாப். அங்கே கடை கிடையாது. அக்டோபர் வரைக்கும் கொடுங்கள்."

கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்துக் காலாவதித் தேதியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். தேதி தாங்கும். ஆனால் ஒரு புட்டி எத்தனை நாள் வரும், அக்டோபர் வரை எத்தனை புட்டி, அதற்கு எவ்வளவு பணம் என்று பாஜியும் அவருமாகக் கணக்குப் பார்த்தபோது அவன் சட்டைப் பையில் இருந்தது இரண்டு புட்டிக்குத்தான் போதுமானதாக இருந்தது. இரண்டை வாங்கிக்கொண்டான். அளவு தவறினால் இதுவும் விஷம்தான் என்று பாஜி சொட்டுக்குழாயில் நகத்தால் ஒரு கோடு கீறிக் காட்டினார்: இவ்வளவு, தினம் ஒருமுறை, இதற்கு மேல் கூடாது. மேய்ச்சலிலிருந்து யாராவது நெய் விற்கக் கீழே இறங்கும்போது சொல்லியனுப்புவதாக அவன் சொன்னான். வருகிறவருக்கு மருந்தின் பெயர் தெரியாதே என்று கடைக்காரர் காலிப் பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்து, பெயரையும் கடையின் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். அவன் அதைத் தொப்பியின் உள்மடிப்பில் செருகிக்கொண்டு, வாங்கத் போகும் வண்டியைத் தேடிப் போனான்.